பொங்குவதற்கு முன் அளக்கவும்

மாலை ஐந்து மணிக்குள், ‘புளித்தது’ என்றால் என்ன என்று வத்சலா எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

கிழக்கு லண்டனில் ஆஷ்போர்ன் கவுன்சில் என்று ஒன்று. வரைபடத்தில் தேட வேண்டாம்; இந்தக் கதைக்கு மட்டும் குப்பை அள்ளுகிற கவுன்சில் அது. அங்கே கடைகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் பிரிவுக்கு வத்சலா தற்காலிக மேனேஜர். ‘தற்காலிக’ என்ற சொல் அவள் அறைக் கதவின் பெயர்ப்பலகையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லைப் பிய்த்து எறிவார்களா, அவளையே பழைய மேசைக்கு அனுப்புவார்களா என்பது மாதக் கடைசிக் கமிட்டியில் தெரிந்துவிடும். கணவர் ரங்கராஜனுக்கு வங்கியில் பார்த்த கம்ப்யூட்டர் வேலை போய் அரை வருஷம் ஆகிறது. வீட்டுக் கடன் அவள் ஒருத்தி தலையில். ஆகவே அந்தச் சொல் அவள் தூக்கத்திலும் வந்தது.

"போனில் ஒரு புகார்," என்றார் மேலதிகாரி கிரஹம். "யாரோ ஒரு பெண்மணி. பெயர் சொல்லவில்லை."

மொட்டைக் கடிதம் கேள்விப்பட்டிருப்பீர்கள். இது மொட்டைப் போன்.

கிரஹம் குறிப்பைப் படித்தார். "சனிக்கிழமை காலையில் எங்கள் தெருவில் ஒரு கராஜில் கூட்டம். காலிப் பாத்திரத்தோடு வருகிறார்கள், நிறைத்துக்கொண்டு போகிறார்கள். ஏதோ நுரைக்கிறது. புளித்த வாடை. சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. எல்லோருக்கும் போதவில்லை. அவ்வளவுதான். லைன் கட்டாகிவிட்டதாம்."

"எந்தத் தெரு?"

"அதைத்தான் சொல்லவில்லை. கள்ளச் சாராயம், வத்சலா! எல்லோருக்கும் போதாத அளவு கிராக்கி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்."

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்நேரம் மூக்கில் வேறொரு வாடை அடித்திருக்கும். வத்சலாவுக்கு அடிக்கவில்லை. குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது; ஆங்கிலத்தில் புளித்தால் அது சாராயம்தான்.

எந்தத் தெரு என்று தெரியாததால் எல்லாத் தெருவுக்கும் சேர்த்து ஒரு அவசர விதி போடுவது என்று முடிவாயிற்று. அவசர விதி என்றால் பொதுமக்களைக் கருத்துக் கேட்க வேண்டியதில்லை. இன்று எழுதினால் இன்றே அமல். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை என்று வத்சலாவுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் தீப்பெட்டியை நீட்டுவது மேலதிகாரி. "வீட்டிலோ கடையிலோ புளிக்கவைத்து வெளியாருக்குக் கொடுக்கும் எந்தப் பொருளுக்கும் லைசென்ஸ் வேண்டும், லிட்டர் கணக்கில் கட்டணம் உண்டு" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

கட்டணம் என்று எழுதினாலும் ஊர் அதை வரி என்றுதான் சொன்னது. திங்கட்கிழமை காலையில் போன் மணி ஓயவில்லை. புளித்த மாவில் ரொட்டி சுடும் பேக்கரிக்காரி அழுதாள். முட்டைக்கோஸ் ஊறுகாய் போடும் போலந்துக்காரர் திட்டினார். பெண்ணின் டிபன் பாக்ஸில் தயிர்சாதம் வைத்தால், அதைத் தோழி ஒரு வாய் தின்றால், அதற்கும் லைசென்ஸா என்று ஒரு தாய் கேட்டாள். மளிகைக்கடை யோகராஜா போனோடு நிற்கவில்லை, நேரிலேயே வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், ஹை ரோட்டில் பஸ் திரும்புகிற முனையில் அவர் கடை.

"தங்கச்சி, தோசை மாவுக்கும் வரியோ?"

"உங்களுக்கு இல்லண்ணா. இது சாராயத்துக்கு."

"சாராயம் எண்டு இதில எங்கை கிடக்கு? புளிச்சதெல்லாம் எண்டெல்லோ போட்டிருக்கு!"

அவர் சொன்னது சரி. வத்சலா அன்றைக்கே ஒரு திருத்தம் போட்டாள். கெட்டியான பொருளுக்கு வரி இல்லை, திரவத்துக்கு மட்டும்தான். பாத்திரத்தைக் கவிழ்த்தால் விழாதது கெட்டி என்று விளக்கமும் எழுதினாள். ரொட்டிக்காரி பிழைத்தாள்.

யோகராஜா லேசுப்பட்டவரா? மறுநாளே தண்ணீரைக் குறைத்து மாவைச் சிமென்ட் பதத்துக்கு அரைத்துவிட்டார். சோதிக்கப் போன இன்ஸ்பெக்டர் வாளியைக் கவிழ்த்துப் பிடித்தார். மாவு அசையவில்லை. "பாத்தியளே!" என்றார் யோகராஜா. இன்ஸ்பெக்டர் ‘கெட்டி’ என்று எழுதப் பேனாவை எடுத்த நேரத்தில் மாவு மொத்தமாக இறங்கி அவருடைய இரண்டு பூட்ஸையும் மூடியது. மாவு திரவமா, கெட்டியா என்று கவுன்சில் வக்கீலிடம் கேட்டதற்கு, அது அவரவர் பொறுமையைப் பொறுத்தது என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் வத்சலா இதையெல்லாம் ரங்கராஜனிடம் சொல்லிப் புலம்பினாள். வழக்கமாக ‘ம்’ கொட்டுகிறவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்க ஆளுங்க அளவு எப்ப எடுப்பாங்க? ராத்திரியா, காலையிலயா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். அரைச்சு வெக்கும்போது அரைப் பாத்திரம். காலையில பாத்தா வழியுது. நடுவுல புகுந்தது காத்துதானே? காத்துக்கு வரி போடறது நியாயமா? பொங்கறதுக்கு முன்னாடி அளக்கணும்னு ஒரு லைன் சேர்த்துடு."

வேலை போன நாளிலிருந்து அவர் எதிலும் இப்படி ஆர்வம் காட்டி அவள் பார்க்கவில்லை. என் வேலையில் இவருக்கு இத்தனை அக்கறையா என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. அவரோ தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கராஜுக்குப் போனார். அங்கே அவர் ஏதோ ‘ப்ராஜெக்ட்’ செய்கிறார். வயர் கிடக்கும், வராதே என்று சொல்லியிருந்தார். மெஷின் ஒன்று கரகரவென்று ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். மனிதர் ஏதோ ஒன்றில் மனசைச் செலுத்தினால் சரி என்று அவளும் விட்டுவிட்டாள். வீட்டில் இட்லி என்னவோ முன்னைக்கு இப்போது பஞ்சாக இருந்தது.

காலையில் பஸ் ஸ்டாப்பில் எதிர்வீட்டு பியற்றிஸ் அக்கா பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, நீங்கள் கவுன்சிலிலதானே வேலை? ஒரு சின்ன விசயம்."

"பஸ் வந்துடுச்சு அக்கா. வெப்சைட்ல போட்டுடுங்களேன்."

"எனக்கு உந்த வெப்சைட் ஒண்டும் ஏலாது பிள்ளை..." என்பதற்குள் பஸ் கதவு மூடிக்கொண்டது.

‘பொங்குவதற்கு முன் அளக்கவும்’ என்ற வாசகம் விதியில் சேர்ந்தது. மாவு அரைப்பது சாயங்காலத்துக்கு மேல். அளக்கப் போகிறவர்களுக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டியிருந்தது. வந்த வரியைவிட ஓவர்டைம் அதிகமானதால் கணக்குப் பிரிவு கூச்சல் போட்டது. சரி, காலையிலேயே அளக்கலாம் என்று மாற்றினாள். இன்ஸ்பெக்டர் தலை தெரிந்ததும் யோகராஜா கரண்டியை விட்டு ஒரு கலக்குக் கலக்கினார். பொங்கிய மாவு அப்படியே கீழே உட்கார்ந்தது, பாதி வரியும் கூடவே உட்கார்ந்தது. புளித்ததைக் கலக்கக் கூடாது என்று கிரஹம் ஒரு தடை போட்டார். அரை மணி நேரத்தில் லஸ்ஸிக் கடைக்காரர் வக்கீலோடு வந்து நின்றார்.

வெள்ளிக்கிழமை கிரஹம் அவள் மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

"இவ்வளவு திருத்தம் போட்டும் நம் கையில் ஒரு குற்றவாளி இல்லை, வத்சலா. செவ்வாய்க்கிழமை கமிட்டி. அந்தக் கராஜைக் கண்டுபிடிக்காமல் போய் நின்றால், முதலில் விதி போகும். அப்புறம்..." அவர் கண் கதவுப் பலகைக்குப் போய்த் திரும்பியது.

அந்த நேரம் பார்த்து யோகராஜா உள்ளே வந்தார்.

"தங்கச்சி, வரி கட்டச் சொன்னியள், கட்டுறன். ஆனா கட்டாத ஒருத்தன் இருக்கிறான். வால்தம்ஸ்டோ, ஃபாரஸ்ட் கேட் எண்டு எல்லாப் பக்கத்துச் சனமும் சனிக்கிழமையில அவனிட்டைத்தான் போகுது. எனக்கு ஒரு வாளி மாவும் விக்குதில்லை."

"மாவா?"

"பின்னை என்ன, சாராயமோ? கராஜுக்குள்ள வச்சு அரைக்கிறானாம். பஞ்சு மாதிரி இட்டலியாம்." பொறாமையை அவர் மறைக்கவில்லை.

நுரை, புளித்த வாடை, காலிப் பாத்திரம் எல்லாம் வத்சலாவுக்கு அப்போதுதான் தமிழில் புரிந்தது. அட, இதற்கா இத்தனை பாடு என்று நினைத்தபடி பேனாவை எடுத்தாள்.

"எந்த இடம்ணா?"

"லைலக் ரோடு. இருபத்தேழாம் நம்பர். நீலக் கதவு."

பேனா ‘லைலக்’கோடு நின்றுவிட்டது. அது அவள் வீடு.

உரையாடலில் ஒரு சொல்லும் புரியாத கிரஹமுக்கு விலாசம் மட்டும் நன்றாகப் புரிந்தது. துள்ளி எழுந்து குறித்துக்கொண்டார். "நாளைக் காலை பத்து மணிக்கு நானே வருகிறேன். அங்கேயே சந்திப்போம்!"

வீட்டுக்குப் போய் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று பயம். சனிக்கிழமைகளில் அவளுக்குச் சந்தை ஆய்வு உண்டு. அன்றும் அதற்குப் போவது போல விடிந்ததும் கிளம்பி, பூங்காவை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, பத்துக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பினாள்.

நீலக் கதவு திறந்திருந்தது. வரிசை தெரு முனைவரை நின்றது. உள்ளே பெரிய கிரைண்டர். அண்டா அண்டாவாக மாவு. ஏப்ரன் கட்டிய ரங்கராஜன் கரண்டியும் கையுமாக நின்றார்.

"என்னங்க இது?"

கரண்டி அந்தரத்தில் நின்றது. "மாவு."

"அது தெரியுது."

"முதல்ல பக்கத்து வீட்டுக்கு ஒரு டப்பா குடுத்தேன். அவங்க நாலு பேர்ட்ட சொல்லிட்டாங்க." குரல் இறங்கியது. "ஆறு மாசத்துல ஒருநாள்கூட ‘சும்மா உக்காந்திருக்கீங்களே’ன்னு நீ கேக்கல வத்சலா. அதுதான் தாங்க முடியல. கொஞ்சம் சேர்த்து உன் கையில குடுக்கலாம்னு..."

"பொங்கறதுக்கு முன்னாடி அளக்கச் சொன்னது இதுக்குத்தானா?"

"ஆமா," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "ஆனாலும் காத்துக்கு வரி நியாயம் இல்லையே."

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு சிரிப்பும் வந்தது. தெரு முனையில் கிரஹமின் கார் திரும்பியது.

"எல்லாரும் சீக்கிரம் கிளம்புங்க! கவுன்சில் வருது!" என்று வரிசையைப் பார்த்துக் கத்தினாள்.

ஒருவரும் அசையவில்லை. லண்டனில் வரிசையில் நின்று பழகியவர்கள் பூகம்பம் வந்தாலும் இடத்தை விடமாட்டார்கள். ரங்கராஜன் பதறிப்போய் ஆளுக்கு இரட்டிப்பாக அள்ளிக் கொடுத்து அண்டாவைக் காலி செய்தார். அது கேள்விப்பட்டு வரிசை இன்னும் நீண்டது. கடைசிக் கரண்டியை வழித்துப் போடும்போது கிரஹம் வாசலுக்கே வந்துவிட்டார்.

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. வத்சலா நேரே போய் அவர் முன்னால் நின்றாள்.

"கிரஹம், இது என் வீடு. அவர் என் கணவர். லைசென்ஸ் கிடையாது. இந்தக் கேஸில் நான் கையெழுத்துப் போடக் கூடாது, நீங்களே போடுங்கள்." வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டாள்.

கிரஹம் அண்டாவை எட்டிப் பார்த்தார். "சாராயம் இல்லையா?"

"இட்லி மாவு."

அவர் முகம் ஒரு கணம் வாடி, உடனே மலர்ந்தது. "சொந்தக் கணவரையே பிடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்! கமிட்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? இவரை லைசென்ஸ் எடுக்க வைப்போம். பலகையிலிருந்து அந்தச் சொல்லை நானே பிய்த்து எடுக்கிறேன்."

வத்சலா கராஜ் கதவைப் பிடித்துக்கொண்டாள். ரங்கராஜன் ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கன்னமெல்லாம் மாவு.

"ஒரே ஒரு குறைதான்," என்றார் கிரஹம். "போன் செய்த அந்தப் பெண்மணி யாரென்று தெரிந்தால் கைகுலுக்கி நன்றி சொல்வேன். இப்படி விழிப்பான மனிதர்களால்தான் சட்டம் வாழ்கிறது."

அப்போது தெருவைக் கடந்து பியற்றிஸ் அக்கா மூச்சு வாங்க வந்தார். சர்ச்சிலிருந்து நேரே வருகிறார். கையில் ஜெபமாலையும் காலி டப்பாவும். அண்டாவுக்குள் பார்த்தார். கிரஹமின் கழுத்தில் தொங்கிய கவுன்சில் அட்டையைப் பார்த்தார். டப்பாவை நிலத்தில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"இப்பதானோ வாறியள்? பிள்ளை, இந்த வெள்ளைக்காரருக்கு நல்லாச் சொல்லுங்கோ. நான் சனிக்கிழமைப் பூசை முடிஞ்சு வரேக்கை ஒவ்வொரு கிழமையும் மா முடிஞ்சு போகுது. தம்பியிட்டை நேரை கேக்க எனக்கு வெக்கமாக் கிடந்தது; அதுதான், அவரை இன்னுங் கொஞ்சம் கூட அரைக்கச் சொல்லுங்கோ எண்டு கவுன்சிலுக்குப் போன் எடுத்தனான்!"