பெரிய மீனின் கன்னத்தில் ஏழு புள்ளி

பல்கூடத் தேய்க்காமல், பூதக்கண்ணாடியும் கையுமாக மீன்தொட்டியின் முன்னால் மண்டியிட்டிருந்தார் காற்புள்ளி. பெரிய தங்கமீனின் கன்னத்தில் வெள்ளையாக ஏழு புள்ளிகள் இருந்தன. நேற்று நான்குதான் இருந்தன.

"போச்சுடா!" என்றார் சத்தமாக.

கேட்பதற்கு வீட்டில் யாரும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்த இந்த இரண்டு வருஷமாக அவர் எதையும் சத்தமாகத்தான் சொல்லிக்கொள்கிறார். இல்லாவிட்டால் அந்த வீட்டில் நாள் பூராவும் ஃபிரிட்ஜ் மட்டும்தான் பேசும்.

காற்புள்ளி என்பது அச்சகத்தில் வைத்த பெயர். முப்பத்தாறு வருஷம் குனிந்து குனிந்து பிழை திருத்தியதில் முதுகு அப்படி வளைந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் கண் ஓயவில்லை. பிஸ்கட் உறை, மின்கட்டண ரசீது என்று எது கையில் கிடைத்தாலும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்ட மனுஷர் கண்ணில் ஒரு புள்ளி கூடுதலாகப் பட்டால், அது பிழை என்பதைத் தவிர வேறு என்னவாக இருக்க முடியும்?

சாதாரண நேரமாக இருந்தால் அவரும் இவ்வளவு பதறியிருக்க மாட்டார். விஷயம் அவர் மகள் போட்ட பந்தயத்தில் இருந்தது. வெளியூரில் இருக்கும் ஒரே மகள், எங்களோடு வந்து இருங்கள் என்று இரண்டு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். எனக்கென்ன குறைச்சல் என்று இவரும் இரண்டு வருஷமாக முறுக்கிக்கொண்டிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை வந்தவள், அடிப்பிடித்துக் கருகிய பாத்திரத்தையும், அப்பா மூன்று வேளையும் பிஸ்கட்டிலேயே காலம் தள்ளுவதையும் பார்த்துவிட்டாள். நேரே போய்த் தொட்டியும் ஜோடியாக இரண்டு மீனும் வாங்கி வந்து கூடத்தில் வைத்தாள்.

"ஒரு மாசம்ப்பா. இந்த ரெண்டையும் நல்லபடியாப் பார்த்துக்கிட்டீங்கன்னா, உங்களால தனியா இருக்க முடியும்னு ஒத்துக்கறேன். அப்புறம் வாயே திறக்க மாட்டேன். ஒண்ணுக்கு ஏதாவது ஆச்சு, பெட்டியைக் கட்டிட்டு என்கூட வந்துடணும்."

"ப்பூ! மீனைப் பார்த்துக்கறது ஒரு வேலையா?"

இப்படி ஜம்பமடித்து இன்றோடு மூன்றே நாள்.

புள்ளி மட்டுமா? பெரியது சின்னதை நிம்மதியாக இருக்கவே விடவில்லை. தொட்டியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் துரத்து துரத்து என்று துரத்தியது. ஜுரம் தலைக்கேறிவிட்டது என்று முடிவு கட்டினார் காற்புள்ளி.

விழுந்தடித்துக்கொண்டு மீன் கடைக்குப் போனார். பூட்டு தொங்கியது. பக்கத்தில் ஓர் அட்டை: 'தங்கை திருமணம். சனிக்கிழமை கடை திறக்கபடும்.' அந்தப் பதற்றத்திலும் சிவப்புப் பேனாவை எடுத்து நடுவில் ஒரு 'ப்' சேர்த்துவிட்டுத்தான் மனுஷர் நகர்ந்தார்.

அடுத்த கட்டடத்தில் மருந்துக் கடை.

"மீனுக்கு மருந்தா? மனுஷனுக்கே சீட்டு இல்லாம நான் தர்றதில்லை சார்" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"கன்னத்துல வெள்ளைப் புள்ளிங்க. நேத்து நாலு, இன்னிக்கு ஏழு."

"அட, அப்படியே பெருகுதா?" மருந்துக் கடைக்காரருக்குச் சுவாரசியம் தட்டிவிட்டது. கைபேசியில் தேடினார். "வெண்புள்ளி நோயாம் சார். பக்கத்துல இருக்கற மீனுக்கும் தொத்துமாம். முதல்ல இதைத் தனியாப் பிரிச்சிடணும். அப்புறம் உப்பு, கொஞ்சம் சூடு, நீல மருந்து. நீல மருந்து எங்கிட்டயே இருக்கு. பத்துச் சொட்டு. அதுக்கு மேல போகாதீங்க."

தொற்று என்று கேட்டதும் காற்புள்ளி மருந்தை வாங்கிக்கொண்டு ஓடினார். வீட்டுக்கு வந்த கையோடு பெரிய மீனை வாளிக்கு மாற்றினார். அது ஒரே துள்ளாகத் துள்ளி வெளியே விழுந்தது. பிடித்துப் போட்டார். மறுபடியும் துள்ளியது. நான்காவது தடவை, காற்றுக்கு ஓரமாக இடைவெளி விட்டு, தன் தடித்த அகராதியை வாளியின் மேல் வைத்து மூடினார். அகராதிக்கு முப்பது வருஷத்தில் இப்படி ஒரு வேலை வந்ததில்லை.

அடுத்தது மருந்து. பத்துச் சொட்டுக்காகக் குப்பியைக் கவிழ்த்தார். மூடியே கழன்று விழுந்தது. வாளித் தண்ணீர், தரை, சட்டை, இரண்டு கை என்று எல்லாம் நீலம். தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் கை வெளுக்கவில்லை. தண்ணீரைப் பாதி மாற்றியும் வாளிக்குள் மீன் தெரியவில்லை. மீனே தெரியாதபோது புள்ளியை எங்கே எண்ணுவது?

மிச்சம் இருந்தது சூடு. தன் முதுகு வலிக்குக் கட்டிக்கொள்ளும் மின்சார ஒத்தடப் பட்டையை எடுத்து வாளிக்குக் கட்டினார். மறுநாள் காலையில் வாளி கதகதப்பாக இருந்தது. இவர் முதுகுதான் பிடித்துக்கொண்டது. நேற்றுவரை காற்புள்ளியாக இருந்தவர் கேள்விக்குறியாகிவிட்டார்.

நிமிர முடியாததால் வாளிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். இரை போட்டார். மீன் தொடவில்லை. அடியில் போய் அசையாமல் கிடந்தது.

"கொஞ்சமாச்சும் சாப்பிடுப்பா" என்றார். "உன்னை நம்பித்தான் இருக்கேன். அவ வீட்டுல எல்லாரும் நல்லவங்கதான். ஆனா ஆளாளுக்கு ஒரு வேலை இருக்கும். நான் யார் கால்லயாவது இடறிக்கிட்டே இருப்பேன். இங்கேன்னா பரவாயில்ல, இடறறதுக்கு யாரும் இல்ல."

இரண்டு வருஷத்தில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. பேசியும் ஒரு வாளியிடம்தான் பேச வேண்டியிருக்கிறதே என்று இருந்தது.

தொட்டியில் இருந்த சின்ன மீனும் வடிகட்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கிவிட்டது. தொற்றிவிட்டது என்று தொட்டியிலும் உப்பைக் கொட்டினார். அது இன்னும் ஒடுங்கியது. நாம் பக்கத்தில் இருந்து வேண்டாமென்று சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடியோவில் மகள் வந்தாள்.

"சின்னது மட்டும்தான் தெரியுது. பெருசு எங்கப்பா?"

"தூங்குது."

"அஞ்சு மணிக்கா?"

"உங்கம்மாகூட மத்தியானம் படுத்தா ஆறு மணிக்குத்தானே எழுந்திரிப்பா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். வியர்த்துக் கொட்டியது. துடைக்கக் கையைத் தூக்கினார்.

"அப்பா! கை ஏன் நீலமா இருக்கு?"

சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டு எடுத்தார். அன்றைக்கும் வாளிக்கு மருந்து விட்டிருந்தார், சாயத்தின் ஈரம் காயவில்லை.

"ஐயோ, உதடும் நீலமா இருக்கே!"

"ஒண்ணுமில்லம்மா. மருந்து."

"மருந்தா? யாருக்கு?"

மீனுக்கு என்றால் பந்தயம் போச்சு. "எனக்குத்தான்" என்றார் காற்புள்ளி.

அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு மாடியேறி வந்தார்கள். பின்னாலேயே கீழ்வீடு, எதிர்வீடு எல்லாம் திரண்டு வந்து வாசலை அடைத்தது.

"மூச்சு விட முடியுதா சார்?" என்றாள் நர்ஸ்.

"விட முடியுது. நிமிரத்தான் முடியலை."

விரலில் கருவியை மாட்டினாள், ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. பஞ்சால் விரலைத் துடைத்தாள். பஞ்சு நீலமானது. அவள் பஞ்சைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மூலையில் ஒத்தடப் பட்டை கட்டி அகராதியால் மூடியிருந்த வாளியைப் பார்த்தாள்.

"சார், இதுல நோயாளி யாரு?"

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே மகள் வந்து இறங்கினாள், கையில் காலிப் பெட்டியோடு. அகராதியைத் தூக்கிப் பார்த்தாள். "துணியை எடுத்து வைங்கப்பா."

"உயிர் இருக்குல்ல? அப்புறம் எப்படி நான் தோத்தவன்? கடை இன்னிக்குத் திறக்கும். கடைக்காரர் சொல்லட்டும்."

"சரி, அவர் சொல்றதுதான் தீர்ப்பு. அப்புறம் மாத்திப் பேசக்கூடாது."

பெரிய மீனைத் தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டு, அவளைப் பிடித்தபடி கூனிக்கூனி நடந்தார். மூன்று நாளாக இரையைத் தொடவில்லை என்று வழி நெடுகப் புலம்பினார். தோற்றுவிட்டோம் என்று அவருக்கே உள்ளூரத் தெரிந்துதான் இருந்தது.

மீன் கடைக்காரர் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு பக்கம் திருப்பினார், மறு பக்கம் திருப்பினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"யார் சார் இதை நோய்னு சொன்னது? கன்னத்துலயும் முன் துடுப்புலயும் மட்டும்தான் இருக்கு பாருங்க. நோய்னா உடம்பு பூரா தூவின மாதிரி இருக்கும். இது ஆண் மீன். ஜோடி மேல ஆசை வந்தா இந்தப் புள்ளி வரும். நம்ம மாப்பிள்ளைப் பசங்களுக்குப் பரு வர்றதில்லையா, அந்த மாதிரி. ஜோடியைத் துரத்தியிருக்குமே?"

"துரத்திச்சு, துரத்திச்சு!"

"அவ்வளவுதான் சார். சூப்பரா இருந்திருக்கு உங்க மீன்."

காற்புள்ளியின் முதுகு தானாக நிமிர்ந்தது. முப்பத்தாறு வருஷ வளைவே காணாமல் போன மாதிரி இருந்தது.

"கேட்டியா? நோயே இல்லை! நான்தான் ஜெயிச்சேன். பெட்டியைத் தூக்கிட்டு நீ அடுத்த பஸ்ஸைப் பிடி. என்னால தனியா இருக்க முடியும்னு ஒத்துக்கோ!"

மகளோ, பையின் அடியில் துடுப்பைக்கூட அசைக்காமல் கிடந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோய் இல்லேன்னா, மூணு நாளா ஏன் ஒரு வாய்கூடச் சாப்பிடலை?"

கடைக்காரர் பையின் கழுத்தில் ரப்பர் வளையத்தைச் சுற்றிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்:

"தனியா வச்சா எதும்மா சாப்பிடும்?"