அஞ்சலைக்குப் பின்னால் நின்ற மாடு

ஒரத்தநாடு கடைத்தெருவில் தன் நிழலைக்கூட இரண்டு தடவை விசாரித்துவிட்டு நடந்த மனிதர் ஒருவர்தான். போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அவருக்கும் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். ஊருக்கு அவர் 'புகைமூட்டம்'. அவர் எடுக்கும் படத்தில் ஆள் மட்டும் பளிச்சென்று இருப்பார், பின்னால் எல்லாம் ஒரே புகை.

கேமரா கோளாறு என்றுதான் நினைத்தேன். தாலுகா ஆபீசில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா நான். மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சின்ன கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த காலம். அந்தத் திமிரில் அவருக்கே யோசனை சொல்லப் போனேன்.

"கோளாறா? தம்பி, உங்கள யாரு அனுப்புனா?" என்றார்.

யாரும் அனுப்பவில்லை என்று நம்பவைக்க ஒரு வாரம் ஆனது. அப்புறம்தான் கதவைச் சாத்திவிட்டு ரகசியத்தைச் சொன்னார்.

"என் பெட்டியில போற ஃபிலிம் உள்ளங்கை அகலம். அதுக்குத் தக்கன பெரிய லென்சு. ஓட்டைய முழுசா தொறந்து வெச்சா மூக்கு தெரியும், காது லேசா கலங்கும், அதுக்கு அப்பால ஒண்ணும் நிக்காது. உங்களுதுல ஃபிலிமும் சின்னது, லென்சும் சின்னது. பின்னால இருக்கறத எல்லாம் காட்டிக் குடுத்துரும். அது கேமரா இல்ல, உளவாளி."

"காட்டினா என்னங்க?"

"வயலு தெரியும், வரப்பு தெரியும், கொடிக்கம்பம் தெரியும். நாளைக்கு எவனாவது படத்தத் தூக்கிக்கிட்டு கேஸுக்குப் போவான். எடுத்தவன் யாருன்னு என்னையக் கூண்டுல ஏத்துவாங்க."

அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆட்சி மாறி, குத்தகைக்கு உழுபவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் விசாரணை ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தது. யார் எந்த வயலில் நின்றார் என்பது வெட்டுக்குத்து வரை போகும். ஆனால் இவர் கல்யாணத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. மாப்பிள்ளைக்கு மூன்றடி பின்னால் நின்ற தாய்மாமன் ஒருவர் படத்தில் வெறும் வெள்ளைக் கறையாக வந்தார். கோபத்தில் இரண்டு வருஷம் அவர் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"அவரு எதுக்கு அவ்ளோ தள்ளி நின்னாரு? அதான் எனக்கு சந்தேகம்" என்றார் புகைமூட்டம்.

இவரிடம்தான் அஞ்சலை வந்தாள். புருஷன் செத்த பிறகு, அவன் குத்தகைக்கு உழுத ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர், நிலத்தைத் தனியாகப் பயிர் செய்துகொண்டிருந்தவள். அவள் உழவே இல்லை, நாங்களேதான் சாகுபடி செய்கிறோம் என்று மிராசுதாரின் காரியஸ்தர் எழுதிக் கொடுத்துவிட்டார். பக்கத்து வயல்காரர்கள் சாட்சிக்கு வரப் பயந்தார்கள். பெயர் ஏறாவிட்டால் நிலம் போய்விடும்.

"என் வயல்ல என்னைய ஒரு படம் எடுங்கண்ணே. பின்னால மதகும் அரசமரமும் தெளிவாத் தெரியணும். அது ரெண்டுந்தான் என் வயலுக்கு அடையாளம்."

"ஒன்னைய யாரு அனுப்புனா?"

"என் வயிறுதாண்ணே."

மூன்று தடவை விரட்டினார். விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் நாலாவது தடவையாக வந்து நின்றவளைப் பார்த்துவிட்டு, பெட்டியைச் சைக்கிளில் கட்டினார். நான் என் கேமராவில் எடுக்கிறேன் என்றேன். "உளவாளிய நம்ப மாட்டேன்" என்றவர், என்னைத் தனியே விடவும் நம்பிக்கையில்லாமல் கூடவே கூட்டிப்போனார்.

வயலில் லென்ஸின் ஓட்டையை மிளகளவுக்குச் சுருக்கினார். மதகும் மரமும் தெளிந்தன. ஆனால் ஓட்டை சிறுத்தால் வெளிச்சம் குறையும். மூடியைத் திறந்து நாலு எண்ணும் வரை ஆள் அசையக் கூடாது.

"மூச்சு விடாத தாயி. ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"ஏய்! மாடு, மாடு!" என்று, பின்னால் பயிர் சலசலத்த பக்கம் திரும்பிக் கத்தினாள் அஞ்சலை.

கழுவிய படத்தில் மதகு இருந்தது, அரசமரம் இலை இலையாக இருந்தது, பயிரில் வாய் வைத்த மாடுகூட அசையாமல் நின்றது. அஞ்சலையின் முகம் மட்டும் புகை. மறுபடி எடுக்கப் பொழுதும் இல்லை.

எங்கள் தாலுகா ஆபீசில் நடந்த விசாரணையில், அதிகாரி முன்னாலேயே காரியஸ்தர் படத்தை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "மூஞ்சியே இல்லீங்களே ஐயா. இது யாரு வேணா இருக்கலாம்."

அஞ்சலை சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். எழுத வேண்டிய பேனா என் கையில் இருந்தது. அப்போது, யாரும் கூப்பிடாமலே, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார் புகைமூட்டம்.

"படம் எடுத்தது நாந்தாங்க."

"முகம் ஏன் கலைஞ்சிருக்கு?" என்றார் அதிகாரி.

"மாடு பயிர்ல வாய் வெச்சுதுங்க. நாலு எண்ணுற வரைக்கும் அசையாதன்னு சொல்லியிருந்தேன். மூணுலயே திரும்பிட்டாங்க. நான் ஊர்ல ஒருத்தரையும் நம்பாதவன், யார வேணா கேளுங்க. ஆனா அடுத்தவன் பயிரா இருந்தா அந்தம்மா திரும்பியிருக்க மாட்டாங்க."

அதிகாரி படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "எழுதுங்க" என்று என் பக்கம் திரும்பினார். அஞ்சலையின் பெயரைப் பதிவேட்டில் நான்தான் எழுதினேன்.

வெளியே வந்ததும் புகைமூட்டம் என்னை ஓரமாக இழுத்தார். "சரியாத்தான எழுதுனீங்க? காட்டுங்க." வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெரியாமல் உளவாளியால் ஒரு படம் எடுத்தேன். தூணும் அவரும், அவருக்குப் பின்னால் அழுதுகொண்டே சிரிக்கும் அஞ்சலையும் அதில் ஒன்றுபோலத் தெளிவாக இருக்கிறார்கள். வீட்டில் வேறு எந்தப் படம் தொலைந்தாலும் பரவாயில்லை. அது மட்டும் இருக்கிறதா என்று அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.