அப்பா வாங்கிய நாற்பத்தெட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். வழக்கமாக இதை யோசிக்காமல் எழுதிவிடுவேன்; இந்தத் தடவை எழுந்துபோய் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

போனில் சொல்ல முடியாததால் கடிதம். நம் வீட்டுப் போன் அப்பாவின் சட்டைப்பையில் குடியிருப்பது உனக்குத் தெரியும்.

முப்பத்தைந்து வருடம் விசிலும் கடிகாரமுமாக ஓட்டப் பயிற்சி கொடுத்த மனிதரைத் தினமும் காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டு, "இன்னைக்கு சுகர் எவ்வளவுப்பா?" என்று கேட்கிறாய். குறைந்திருந்தால், "சபாஷ்ப்பா!" அவருக்குத் தெரிந்த விளையாட்டில் சின்ன எண்தான் ஜெயிக்கும். நூற்று நாற்பது நூற்றுப் பத்தானது, நூற்றுப் பத்து தொண்ணூறானது. நானும் சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. இரவில் இன்சுலின் போட்டுக்கொண்டு, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் தட்டில் இருப்பதில் பாதியைப் பாத்திரத்திலேயே திரும்பப் போட்டுவிடுவார் என்பது தெரியாது. மறுநாள் மிச்சத்தைப் பார்த்து, அதிகமாகச் சமைக்கிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டு அளவைக் குறைத்துக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஊசி போட்டதும், "வந்து சாப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, இடுப்பு தளர்ந்துவிட்டதென்று பிடித்துத் தைக்கக் கொடுத்திருந்த கால்சட்டையை வாங்கத் தெருமுனைத் தையல்கடைக்குப் போனார். அங்கே வியர்த்துக் கொட்டி, கை நடுங்க, தையல்காரரைப் பார்த்து, "கோட்டுக்குப் பின்னால நில்லுடா!" என்று ஓர் அதட்டல். அறுபது வயது மனிதர் பயந்துபோய் மெஷினுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். அப்பா வாயாலேயே விசில் ஊதி, யாரும் ஓடாததில் கோபம் வந்து, அளவு நாடாவைப் பிடித்தபடி தரையில் சரிந்துவிட்டார். துணி வாங்க வந்த ஒருவர், "காலங்காத்தாலயே ஏத்திட்டாரா?" என்றாராம். நல்லவேளை, தையல்காரரின் மனைவிக்கும் சர்க்கரை. "அட சும்மா இருங்க, அவருக்கு சுகர் இறங்கிடுச்சு" என்று, நினைவு இருக்கிறதா, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். ஆள் வந்து சொல்லி, நான் சுகர் மீட்டரோடு ஓடியபோது டம்ளர் இன்னும் அப்பாவின் வாயில்தான் இருந்தது. நாற்பத்தெட்டு. கால் மணி நேரத்தில் தெளிந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு காட்டிச்சு?" சொன்னேன். அண்ணா, அவர் முகத்தில் ஒரு நொடி பெருமை வந்து போனது.

டாக்டரம்மா இன்சுலின் அளவைக் குறைத்துவிட்டுச் சொன்னார்: "எழுபத்தெட்டு வயசுல சுகர் கொஞ்சம் கூடுதலா இருந்தா நாளைக்குப் பாத்துக்கலாம். ரொம்ப இறங்கிட்டா, நாளைக்குன்னு ஒண்ணு இருக்கணுமே! ஊசி போட்டா நேரத்துக்குச் சாப்பிட்டே ஆகணும். மாஸ்டர், இது ரேஸ் இல்ல."

"அப்ப எதுக்கும்மா நம்பர் போடறீங்க?" என்றார் அப்பா.

அன்று முழுவதும் அவர் தூங்கும்போதெல்லாம் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவருக்கு மார்க் போட்டே கிட்டத்தட்ட அனுப்பிவைத்திருப்போம். ஆகவே இனிமேல் காலையில் கூப்பிடாதே. சபாஷ் சொல்லாதே. வாரம் ஒருமுறை நானே எழுதுகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். "சபாஷுக்காகவா? போடி! நம்பர் ஏறியிருந்தா அவன் குரல் இறங்கிடுது. அப்புறம் அன்னைக்குப் பூரா வேலையில அவனுக்கு மனசு நிக்காது. தொண்ணூறுன்னு சொன்னா அரை நிமிஷத்துல நிம்மதியா போனை வச்சுட்டுப் போறான்." குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. தினமும் கூப்பிடு. எண்ணைக் கேட்காதே; உன் அலுவலகத்தில் நடந்ததைச் சொல், நல்லதோ கெட்டதோ. எட்டு மணிக்கு மட்டும் வேண்டாம், எட்டரைக்கு. சாப்பிட்ட வாயோடு பேசட்டும்.