பேத்தியின் பாதங்களும் மூன்று மதர்போர்டுகளும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மகனுக்குப் பெண்ணைக் கொடுத்தவனும், லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, அவளுடைய முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முப்பது வருடம் மருந்துக்கடை நடத்தியவரின் உடம்பைப் பற்றி நான் விசாரிப்பது அதிகப்பிரசங்கித்தனம். இருந்தாலும் விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும். போனில் பேசியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். போன் என்றால் தாங்கள் பேசுவீர்கள். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை தாங்கள் பொறுத்துத்தான் ஆகவேண்டும். அந்த ஒரே காரணம்தான், தவறாக நினைக்க வேண்டாம்.

விஷயம் நம் பேத்தியின் போட்டோ. குழந்தையின் படம் எதையும் இன்டர்நெட்டில் போடக்கூடாது என்று மாப்பிள்ளையும் என் மகளும் சட்டம் போட்டதும், அதனால் படமெல்லாம் தங்கள் கம்ப்யூட்டரில் சேர்வதும், அங்கிருந்து பென்டிரைவில் எங்களுக்கு வருவதும் தாங்கள் அறிந்ததே. போன தடவை தாங்கள் இருவரும் இங்கே வந்தபோது கொண்டுவந்த படங்களில் கடைசிப் படம், குழந்தை முதன்முதலாகத் தானே எழுந்து ஓர் அடி எடுத்துவைத்த படம். அந்த அடியை அவள் தங்கள் வீட்டுக் கூடத்தில் எடுத்துவைத்தாள், எங்கள் வீட்டில் இல்லை என்பதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. படத்தையாவது பார்ப்போம் என்று, தாங்கள் கிளம்பிப்போன பிறகு திறந்தால், இடுப்புவரைக்கும் குழந்தை, அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் சிமெண்டு பூசிய மாதிரி ஒன்றுமே இல்லை. முதல் அடி வைத்த படத்தில் கால் இல்லை. தங்களுக்குப் போன் செய்தேன். "எங்க கம்ப்யூட்டர்ல முழுசா இருக்கே சம்பந்தி, உங்க மெஷின்ல மெமரி சரியில்ல. ஈசிசி போட்ட மெஷின் வாங்குங்க, அப்புறம் அடுத்த படமெல்லாம் தர்றேன்" என்றீர்கள். சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை. மருந்துச் சீட்டு இல்லாமல் வந்தவனிடம் பேசுவதுபோல அன்பாகத்தான் சொன்னீர்கள்.

ஈசிசி என்றால் தன்னிடம் விழுந்த பிழையைத் தானே பிடித்துத் திருத்திக்கொள்ளும் மெமரி என்று கம்ப்யூட்டர் கடைக்கார அம்மா விளக்கினார். எனக்கு உடனே பிடித்துப்போய்விட்டது. லிஃப்டில் கயிறு அறுந்தால்கூடப் பெட்டியைப் பிடித்து நிறுத்த ஓர் ஏற்பாடு உண்டு. அதை எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பாக இருந்தது. படங்களைச் சேர்த்துவைக்கும் மெஷினை, சர்வர் என்கிறார்கள், வீட்டில் எங்கே வைப்பது என்று கேட்டதற்கு என் மனைவி செருப்பு அலமாரியின் மேல்தட்டைக் காட்டினாள். "அந்த ஒரு தட்டுதான். அதுக்கு மேல ஒரு விரக்கடை கேட்டாலும் உங்களையும் அதுலயே வச்சிடுவேன்" என்றாள். ஆக, பதினேழு சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கும் மதர்போர்டு வேண்டும், அதில் ஈசிசி மெமரி வேலை செய்ய வேண்டும், நாலு ஹார்டு டிஸ்க் மாட்ட இடம் வேண்டும். மூன்றே தேவை. பெண்ணுக்கு வரன் தேடியபோதுகூட இவ்வளவு அலையவில்லை. தங்கள் மகன் மூன்றாவது நாளே கிடைத்துவிட்டார்.

முதல் போர்டு அளவில் அம்சமாக இருந்தது. அட்டைப்பெட்டியில் ஈசிசி மெமரி போடலாம் என்று தெளிவாக அச்சடித்திருந்தது. போட்டேன், ஓடியது, பக்கத்து வீட்டுக்காரருக்கெல்லாம் காபி கொடுத்தாயிற்று. பிறகுதான் பிழை திருத்தும் கணக்கைக் காட்டும் பக்கத்தைத் திறந்தால் 'இந்த வசதி இல்லை' என்கிறது. கடைக்கு ஓடினேன். கடைக்கார அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்துவிட்டு, "இந்த போர்டு ஈசிசி மெமரிய ஏத்துக்கும் சார். ஆனா திருத்தாது" என்றார். "அப்ப எதுக்கும்மா ஏத்துக்குது?" என்றேன். "வேணாம்னு சொல்லாது, அவ்வளவுதான்" என்றார். என் பையனும் அப்படித்தான். சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்வான், வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை, திருந்தினதும் இல்லை. போர்டு, பிராசசர் இரண்டுமே மனது வைத்தால்தான் திருத்தம் நடக்குமாம். இந்த இரண்டில் ஒன்று மனது வைக்கவில்லை.

இரண்டாவது போர்டு, ஓர் ஆபீஸைக் காலி செய்தபோது கிடைத்தது. அசல் சர்வர் போர்டு, அசல் ஈசிசி மெமரி, திருத்தமெல்லாம் கனஜோராக நடக்கிறது. அளவுதான் கொஞ்சம் தாராளம். அலமாரியின் நடுப்பலகையை அறுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றியது, அறுத்தேன். அதன் பிறகும் மூடி சாத்தவில்லை, எனவே மூடியையும் எடுத்தேன். செருப்புகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போயின. அதன் காற்றாடி போட்ட சத்தத்தில் என் மனைவி சம்பந்தியம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "எங்க, ஏர்போர்ட்ல இருக்கீங்களா? எங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்று சம்பந்தியம்மா மனத்தாங்கலோடு கேட்டது தங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் எங்கேயும் போகவில்லை. தங்களிடம் சொல்லாமல் போகவும் மாட்டோம். அன்று சாயங்காலமே போர்டைக் கழற்றிவிட்டேன்.

மூன்றாவது போர்டுதான் நமக்கென்றே செய்தது. உள்ளங்கை இரண்டை விரித்துவைத்தால் மூடிவிடலாம், அவ்வளவுதான் அளவு. சர்வருக்கென்றே பிறந்தது, சத்தம் இல்லை, நாலு டிஸ்க்குக்கும் இடம் இருக்கிறது. ஆனால் பெரிய போர்டிலிருந்து கழற்றி வைத்திருந்த மெமரி இதில் பொருந்தவில்லை. இதற்கு லேப்டாப்பில் போடுகிற மாதிரி குட்டை மெமரி வேண்டுமாம், அதிலும் ஈசிசி உள்ளது வேண்டுமாம், அது கடையில் இல்லையாம், வரவழைக்க வேண்டுமாம். நான் நீட்ட மெமரியைக் கையில் வைத்துக்கொண்டு அரத்தைத் தேடியதைப் பார்த்த என் மனைவி அரத்தை எடுத்து ஒளித்துவைத்தாள். இன்னும் கொடுக்கவில்லை. குட்டை மெமரி பதினெட்டு நாள் கழித்து வந்தது. மாட்டினேன். 'ஈசிசி: இயங்குகிறது' என்று திரையில் வந்ததும், நாலாவது மாடியில் நின்றுபோன லிஃப்ட் திரும்பக் கிளம்பியது போல இருந்தது.

ஆனால் தாங்கள் ஆதாரம் கேட்பீர்களே. மூன்று வாரமாகப் பார்க்கிறேன், 'திருத்திய பிழைகள்: 0' என்றே காட்டுகிறது. பிழையே நடக்காவிட்டால் திருத்துகிறதா என்று எப்படித் தெரியும்? மெமரியைச் சூடாக்கினால் பிழை வரும் என்று எங்கேயோ படித்து, என் மனைவியின் தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்துவந்து செருப்பு அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து சூடு காட்டினேன். தலையில் துண்டோடு வந்து நின்றவள், "அதுக்குத் தலையே இல்லையே, எதைக் காய வைக்கிறீங்க?" என்றாள். பதில் சொல்வதற்குள் பூஜ்யம் ஒன்றாகிவிட்டது. ஒரு பிழை, திருத்தப்பட்டது. எழுந்து நின்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அந்தத் திரையின் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இனிமேல் சொல்லப்போவதை எப்படிச் சொல்வது என்றுதான் இத்தனை பக்கம் எழுதினேன். பழைய மெஷினில் இருந்த அந்தக் கடைசிப் படத்தைப் புது சர்வரில் ஏற்றித் திறந்தேன். கால் இல்லை. கடைக்கார அம்மாவைக் கேட்டேன். "இனிமே வர்றத அப்படியே வச்சுக்கும் சார். வந்ததே தப்பா இருந்தா அந்தத் தப்பையும் தப்பில்லாம வச்சுக்கும்" என்றார். அப்படியென்றால், சொல்லவே நாக்கூசுகிறது, குறை தங்கள் பக்கம்தான் என்று ஆகிறது. தங்கள் கம்ப்யூட்டர் பழசாகியிருக்கலாம். தங்கள் வீட்டில் யாரோ கவனக்குறைவாக இருந்திருக்கலாம். இதில் தங்கள் மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை, யாருக்கும் நேர்வதுதான். கடைக்கார அம்மாவின் விலாசம் கீழே எழுதியிருக்கிறேன். தங்களிடமும் ஈசிசி இருந்தால் நல்லது என்று அபிப்பிராயப்படுகிறேன்; வற்புறுத்தவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் மனைவியின் விசாரிப்புகள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள், பேத்திக்குக் கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம். தாங்கள் கொடுக்கும்போது என் கணக்கில் என்று சொல்லிக் கொடுக்கவும்.

என்றும் தங்கள் அன்பை நாடும்,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போடுமுன் என் மனைவியிடம் படித்துக்காட்டினேன். பாதியிலேயே அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. அன்றைக்குத் தாங்கள் இருவரும் கிளம்பி வாசலில் நிற்கும்போது சம்பந்தியம்மா பென்டிரைவைக் கேட்டாராம். கம்ப்யூட்டரில் படம் ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்ததாம். "அவங்கள வாசல்ல நிக்க வச்சுட்டு அது முடியிற வரைக்கும் பாத்துட்டு இருந்தா மரியாதையா இருக்குமா? அதான் புடுங்கிக் குடுத்துட்டேன். அது ஏதோ கேட்டுச்சு, சரின்னு அமுக்கிட்டேன்" என்கிறாள். ஆக, படம் பாதியில் நின்றது மெமரியாலும் அல்ல, எந்த மதர்போர்டாலும் அல்ல. கடிதத்தைத் திரும்ப எழுதக் கை ஒத்துழைக்கவில்லை. ஆகையால், 'நாக்கூசுகிறது' என்பதற்குப் பிறகு வரும் 'தங்கள்' எல்லாவற்றையும் 'எங்கள்' என்று திருத்திப் படித்துக்கொள்ளவும், ஒரே எழுத்துதான். படத்தை முழுதாக அனுப்பச் சிரமமாக இருந்தால் கால் உள்ள கீழ்ப்பாதியை மட்டும் அனுப்பினாலும் போதும். மேல்பாதி இங்கே ஒரு பிழையும் இல்லாமல் பத்திரமாக இருக்கிறது.