எந்நேரமும் வெள்ளிக்கிழமை

புதிதாக ஒரு எந்திரம் கைக்கு வந்தால் அதை வைத்து வேலை செய்யலாம் என்று யாருக்கும் முதலில் தோன்றுவதில்லை. சோடிக்கத்தான் தோன்றும். எங்கள் பக்கத்தில் லாரி வாங்குகிறவர்கள் டீசல் ஊற்றுவதற்கு முன்பே அதன் நெற்றியில் குலதெய்வத்தின் பெயரை எழுதிவிடுவார்கள். நானும் அந்த மண்ணில் பிறந்தவள்தான். எண்பதுகளின் கடைசியில் என்னை நம்பி ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தபோது நானும் அதையேதான் செய்தேன். (லாரி அதற்குப் பிறகும் ஒழுங்காக ஓடும். வித்தியாசம் அவ்வளவுதான்.)

நான் அப்போது பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு, சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட வேண்டும். உள்ளே ஏ.சி. குளிரும். இருந்தது இரண்டே எந்திரம், நாங்களோ ஒரு கல்யாணப் பந்திக் கூட்டம். அதனால் பெரும்பாலான பாடத்தைத் தாளில் எழுதியே படித்தோம். நீச்சலைக் கரையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவள் எப்படியிருப்பாளோ அப்படி ஒரு தெம்போடு வெளியே வந்தேன். எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது என் கருத்து.

அப்பாவுக்கு அந்தக் கருத்து இல்லை. அவர் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க். சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நிரந்தர வேலை, தற்காலிக வேலை என்று உலகத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தவர் அவர். ஆத்தூரில் அரிசி மில் வைத்திருக்கும் ஒரு குடும்பத்திலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தை பிறப்பதற்குள் எனக்கு ஒரு வேலை நிரந்தரமானால் மில்லுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகவும், இல்லையென்றால் தட்டு மாற்றிவிடுவதாகவும் அப்பா அறிவித்துவிட்டார். மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்திருந்தேன். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆனால் தவிட்டு வாசத்தில் வாழ்நாளைக் கழிப்பதை நினைத்தால் எனக்கு அழுகை வந்தது. வேலை வேண்டும், அதுவும் நிரந்தரமாக வேண்டும். அந்த வயதில் எனக்கிருந்த ஒரே வேண்டுதல் அதுதான்.

வேலை கிடைத்த இடம் ஒரு கோழிக்குஞ்சுப் பொரிப்பகம். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் ரோட்டில், புதுச்சத்திரம் தாண்டி இறங்க வேண்டும். முதலாளி செங்கோடன், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் மடித்து வைத்த பஞ்சாங்கத் தாள். முட்டையைப் பொரிப்பு எந்திரத்தில் வைப்பதற்குக்கூட நல்ல நேரம் பார்ப்பார். கம்ப்யூட்டர் வாங்க வேண்டிய அவசியம் அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. நாமக்கல்லில் அவருடைய சகலை, அவரும் பொரிப்பகம்தான், ஒன்று வாங்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அந்தப் பேச்சே போதுமான அவசியமாக இருந்தது.

கம்ப்யூட்டர் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம், திரைக்கு மேலே சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் ஆயிற்று. கற்பூரத்தை மட்டும் தள்ளி வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அந்தக் காலத்தில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது அப்பளம்போல வளையும் ஒரு கறுப்புத் தகட்டில் வரும். ஒவ்வொரு முறை எந்திரத்தைப் போடும்போதும் அந்தத் தகட்டைச் செருகினால்தான் அதற்குச் சுயநினைவே திரும்பும். நான் தகட்டைச் செருகினேன். எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். கம்ப்யூட்டர் கொஞ்சம் முனகிவிட்டு முதல் வார்த்தை பேசியது. இன்று செவ்வாய்க்கிழமை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாம் வருடம் ஜனவரி ஒன்று, சரியா என்று கேட்டது.

அதில் அதன் தப்பு ஒன்றுமில்லை. அதற்குள் கடிகாரம் கிடையாது. அணைத்துப் போட்டால் எப்போதும் அந்த ஒரு தேதிக்குத்தான் விழிக்கும். சரியான தேதியை நாம்தான் தட்ட வேண்டும். இதை விளக்க வாயெடுத்தேன். அதற்குள் முதலாளி ஆங்கிலத்தில் இருந்த மூன்றெழுத்துக் கிழமையைப் படித்துவிட்டார்.

"ஏஞ்சாமி, வாயத் தொறந்ததும் செவ்வாக்கெழமைங்குது?"

வருஷம் தப்பாக இருப்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. நல்ல காரியத்தைச் செவ்வாயில் தொடங்குவதுதான் தாங்கவில்லை. தினமும் காலையில் இப்படித்தான் சொல்லுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். முகம் விழுந்துவிட்டது. திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்தது. கம்ப்யூட்டர் போனால் வேலை போகும், வேலை போனால் அரிசி மில்.

"எல்லாத்தையும் நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாங்க சார். ஆபரேட்டிங் சிஸ்டம்னா அதுதாங்க சார்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் பேசிய மிகப் பெரிய வசனம் அது. அன்று முழுக்க உட்கார்ந்து சோடித்தேன். எந்திரத்தைப் போட்டதும் தானாக ஓடும்படி சில கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம் என்று வகுப்பில் தாளில் படித்திருந்தேன். முதலில் ஆங்கில எழுத்தில் முருகன் துணை. அதன் கீழே நட்சத்திரக் குறிகளால் ஒரு வேல். (பார்ப்பதற்கு வெண்டைக்காய் போல இருக்கும், ஆனாலும் வேல்தான்.) கட்டளைக்காகக் காத்திருக்கும் இடத்தில் வழக்கமான ஒற்றை எழுத்தை எடுத்துவிட்டு 'சொல்லுங்க சாமி' என்று வரவைத்தேன். கடைசியாக, செவ்வாய்க்கிழமையை ஒழித்தேன். எப்போது போட்டாலும் அன்றைய வெள்ளிக்கிழமையின் தேதியையும், நல்ல நேரமான காலை ஒன்பதரையையும் அதுவே எடுத்துக்கொள்ளும்படி எழுதிவிட்டேன். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, மாலையிலிருந்து ஒரு சாமந்தியைப் பிய்த்து என்னிடம் கொடுத்தார். தலையில் வைத்துக்கொண்டேன். காது வரைக்கும் சிரித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

என் திட்டத்தில் குறையே இல்லை என்று இன்றும் சொல்வேன். தினமும் காலையில் மங்களகரமாகத் தொடங்கட்டும், முதலாளி பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகட்டும், அதன் பிறகு நான் உண்மையான தேதியைத் தட்டிவிடுவேன். தட்டவும் செய்தேன். மின்சாரத்தைத்தான் மறந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் அது நினைத்தபோது போய் நினைத்தபோது வரும். ஜெனரேட்டர் இருந்தது, ஆனால் அது முட்டைகளுக்கு மட்டும். முட்டைக்கு மிஞ்சித்தான் கம்ப்யூட்டர் என்பது அந்த இடத்தின் சட்டம். கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டர் மறுபடி முருகனைக் கும்பிட்டு, மறுபடி அந்த வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து, வெண்டைக்காயை ரசித்துவிட்டு, தேதியை மறுபடி தட்டாமலே வேலையைத் தொடர்வேன்.

மதியத்துக்கு மேல் என் வேலை கடிதம் அடிப்பது. ஒரு பண்ணைக்காரருக்கான முட்டைகளைப் பொரிப்பு எந்திரத்தில் வைத்த அன்றே அவருக்குக் கடிதம் போக வேண்டும். முட்டை குஞ்சாக இருபத்தொரு நாள். இன்றைய தேதியோடு அதைக் கூட்டி, இன்ன தேதியில் குஞ்சு தயார், பெட்டியோடு வரவும் என்று கம்ப்யூட்டரே அடித்துக் கொடுக்கும். இன்றைய தேதி என்னவென்று அதற்கு என்னைவிட உறுதியாகத் தெரிந்திருந்தது. அடுத்தடுத்த நாட்களில் யார் யாருக்கோ முட்டை வைத்தார்கள், எல்லோருக்கும் ஒரே வெள்ளிக்கிழமைக்குக் கடிதம் போயிற்று. பொரிப்பு அறையில் இருந்தவர்கள் கடிதத்தைப் பார்ப்பதில்லை. நான் முட்டையைப் பார்ப்பதில்லை. கடிதங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் முதலாளி ஒருவர்தான். அவருக்கும் சந்தேகம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. எல்லாம் வெள்ளிக்கிழமையாகவே அமைகிறது, ராசியான மிஷின் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அந்த ராசியை முன்னிட்டே, அதே வெள்ளிக்கிழமையில் எனக்கு வேலையை நிரந்தரம் செய்வதாகச் சொல்லி, அப்பாவையும் வரச் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுப் போக சகலைக்கும் ஆள் அனுப்பியிருந்தார்.

நானும் அப்பாவும் நேரத்திலேயே போய்விட்டோம். முதலாளி சொன்னபடி எனக்கான நியமன உத்தரவை நானே கம்ப்யூட்டரில் அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, ஒன்பதரைக்குக் கொடுப்பதாகச் சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்பா சட்டையின் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அப்போதுதான் வாசலில் முதல் டெம்போ வந்து நின்றது.

அது தம்மம்பட்டிக்காரருடையது. அவருக்குத்தான் உண்மையில் அன்று குஞ்சு. அவருக்குப் பின்னால் மல்லசமுத்திரத்திலிருந்து ஒரு வேன். அதற்குப் பின்னால் இரண்டு டெம்போ, ஒரு டிராக்டர், கேரியரில் பெட்டி கட்டிய மொபெட்டுகள். நல்ல நேரம் தவறிவிடக்கூடாதே என்று எல்லோரும் ஒன்பதரைக்குச் சரியாக வந்தார்கள். எங்கள் ஜில்லாவில் அத்தனை பேர் அப்படி நேரத்துக்கு வந்து நான் பார்த்ததேயில்லை. வண்டி வரிசை ரோடு வரைக்கும் போய், நாமக்கல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது.

மல்லசமுத்திரத்துக்காரர் முதலாளி முன்னால் கடிதத்தை நீட்டினார். "எனக்கும் இன்னிக்குத்தானுங்க போட்டிருக்குது. நல்ல நாளாச்சேன்னு கொட்டாயில அடுப்புக்கூட மூட்டி வெச்சுட்டு வந்துட்டனுங்க" என்றார். குஞ்சுகளுக்குச் சூடு வேண்டும், அதற்காகக் கொட்டகையில் கரியடுப்பு. அவர் மட்டுமல்ல, வந்த எல்லோருமே அடுப்பை மூட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்கள். ஜில்லா முழுக்கக் குஞ்சில்லாத கொட்டகைகள் கணகணவென்று காய்ந்துகொண்டிருந்தன.

தம்மம்பட்டிக்காரர் தன் குஞ்சுப் பெட்டிகளின் மேல் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். இரைச்சல் ஏறியது. அதற்குள் பதினொரு மணி ஆகிவிட்டது. யாரோ ஒருவர், கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று கேட்டுவிடலாமே என்றார். கூட்டம் முழுக்க ஆபீஸுக்குள் நுழைந்தது. உத்தரவை அடித்துவிட்டு அணைத்து வைத்திருந்த எந்திரத்தில் மறுபடி தகட்டைச் செருகினேன். முருகன் துணை, வெண்டைக்காய், வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை, சொல்லுங்க சாமி.

முதலாளி திரையைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. பிறகு தேதியைப் பார்த்தார். பஞ்சாங்கத் தாளை எடுத்து விரித்து, அந்தத் தேதியில் விரலை வைத்து, அங்கிருந்து மெல்ல இன்றைக்கு நகர்த்தினார்.

"ஏஞ்சாமி, இதுக்கு எந்நேரமும் வெள்ளிக்கெழமதானா?"

"நீங்கதாங்க சார் செவ்வாய்க்கிழமை வேண்டாம்னு சொன்னீங்க" என்றேன்.

அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. உத்தரவு வெளியே வந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்த விதத்திலேயே கிழிக்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. எனக்குத் தவிட்டு வாசம் அடிக்கவே தொடங்கிவிட்டது. அப்பாவின் பக்கம் திரும்பினேன், அவரைக் காணவில்லை. வெளியே பார்த்தால் மனிதர் முற்றத்தில் நின்று கூட்டத்தை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். பண்டிகைக் காலத்துப் பார்சல் ஆபீஸ் அவருக்கு நினைவு வந்துவிட்டது போலிருக்கிறது. யாருக்கு என்றைக்கு முட்டை வைத்தது என்று பொரிப்பு அறைக்குள் கேட்டுக் கேட்டு, ஆளாளுக்குச் சரியான தேதியைச் சொல்லி, கடிதத்தின் பின்னால் எழுதியும் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து சகலையின் கார் வந்தது. உள்ளே வர வழியில்லாமல் ரோட்டிலேயே நின்றது. அவர் இறங்கி, டெம்போக்களுக்கு நடுவே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது.

"இத்தன பேரும் குஞ்சுக்கா வந்திருக்கறாங்க?"

முதலாளி அவரைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். கையிலிருந்த உத்தரவை மெதுவாக நீவி மடித்தார்.

"கம்ப்யூட்டர் போட்டதுலருந்து இப்படித்தானுங்க சகலை" என்றார்.

அதற்குப் பிறகு முதலாளி யார் மேலும் கோபப்படவில்லை. அத்தனை பேருக்கும் டீயும் போண்டாவும் சொன்னார். நல்ல நேரத்தில் வாசலை மிதித்தவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது என்று, அன்று கூடுதலாகப் பொரித்திருந்த குஞ்சுகளில் தலைக்கு இரண்டு அச்சாரமாகக் கொடுத்தார். மீதி அவரவர் நாளில் வீடு தேடி வரும் என்று வாக்கும் கொடுத்தார். பெரிய டெம்போவின் நடுவில், பெரிய பெட்டிக்குள், இரண்டே இரண்டு குஞ்சுகள் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டு மல்லசமுத்திரம் போன காட்சியை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

உத்தரவு அப்பாவின் கைக்கு வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. இனிமேல் தேதியைக் கம்ப்யூட்டரிடம் கேட்கக்கூடாது. மறுநாளே திரைக்குப் பக்கத்தில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது. தினமும் தாளைக் கிழித்து, கடிதத்தில் தேதியைப் பேனாவால் எழுதினேன். நாமக்கல் வட்டாரத்தில் காலண்டரைப் பார்த்து வேலை செய்த கம்ப்யூட்டர் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சகலை அந்த மாதமே அதே மாதிரி ஒன்று வாங்கினார். வேல் வேண்டும் என்று கேட்டாராம்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா கழுத்துப் பித்தானைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவமானத்தில் இருக்கிறார் என்று நினைத்து நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மல்லூர் தாண்டியதும் உத்தரவை விரித்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நடுவில் நிறுத்தி, மேல் மூலையில் விரலை வைத்தார். அதிலும் கம்ப்யூட்டர் தனக்குப் பிடித்த வெள்ளிக்கிழமையைத்தான் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டவரும் பார்க்கவில்லை, அடித்தவளும் பார்க்கவில்லை. போச்சு, செல்லாது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

அப்பா தாளைப் பத்திரமாக மடித்தார். அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

"தேதி மூணு வாரம் முன்னால இருக்குது, மலர். இருக்கட்டும். சீனியாரிட்டி" என்றார்.

ஆத்தூருக்கு அன்றைக்கே கடிதம் போட்டுவிட்டார். அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. இன்றும் எங்கள் வீட்டில் முதல் தோசை கல்லிலிருந்து இறங்கும்போது என் தம்பியோ, வீட்டுக்காரரோ, பிள்ளைகளோ, யார் தட்டை நீட்டினாலும், பக்கத்தில் இருப்பவர் அதைத் தட்டிவிடுவார். இவங்களுக்கு மூணு வாரம் சீனியாரிட்டி இருக்குது, முதல்ல இவங்களுக்கு வை என்று என்னைக் காட்டுவார்கள். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன். கம்ப்யூட்டர் படித்து நான் சம்பாதித்ததில் இன்று வரை வட்டி தந்துகொண்டிருப்பது அந்த ஒரு தோசைதான்.