மானிட்டரின் நாலு மூலையிலும் மஞ்சள்

எண்பதுகளில் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ குடியிருந்து, மஞ்சமூலை அண்ணாச்சியிடமிருந்து ஒரு நன்றிக் கடிதம்கூட வாங்காமல் தப்பித்தவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒருவரும் தூக்க மாட்டீர்கள். பல் பிடுங்கியவர், பஸ்ஸில் நகர்ந்து இடம் கொடுத்தவர், வழி கேட்டபோது சரியான திசையில் கை காட்டியவர் என்று அவர் யாரையும் விட்டுவைத்ததில்லை. மூன்றாம் நாள் வாசலில் நீல இன்லேண்டு வந்து விழும். கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல் நாலு மூலையிலும் மஞ்சள் இருக்கும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. மில் ஆபீஸின் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அவர் தபால் கிளார்க், நான் டைப்பிஸ்ட். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவருடைய மேஜை டிராயரில் ஒரு பொடி டப்பா இருக்கும், அதற்குள் மஞ்சள்தூள். மூக்குப்பொடி என்று நினைத்து ஸ்டோர் கீப்பர் ஒருநாள் ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சிவிட்டு, சாயங்காலம் வரைக்கும் மங்களகரமாகத் தும்மிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி எல்லா லெட்டருக்கும் மஞ்சள்?" என்று கேட்டேன்.

"நன்றி சொல்லுததவிட நல்ல சேதி என்ன தாயி இருக்கு? வெறுங்காகிதமாப் போனா கருமாதிக் கடுதாசி மாதிரில்லா இருக்கும்!"

வெறுமனே 'மிக்க நன்றி' என்று எழுதுவது அவர் அகராதியில் திட்டுவதற்குச் சமம். கொடுத்த பொருள் என்ன ஆனது என்று கணக்காகச் சொல்லியாக வேண்டும். செண்பகத்தோப்பில் வேலை பார்த்த வனக்காவலர் ஒருவர் ஆறு சப்பட்டை மாம்பழம் கொடுத்து அனுப்பியதற்கு அவர் எழுதிய கடிதத்தை நானே பார்த்திருக்கிறேன். 'முதல் பழம் செவ்வாய்க்கிழமை தயிர்ச்சோற்றுடன் சென்றது. இரண்டும் மூன்றும் என் மனைவி எனக்குத் தெரியாமல் சாப்பிட்டது. ஐந்தாவதில் ஒரு புழு இருந்தது. அதுவும் தங்களால் நன்றாகவே இருந்தது.' வனக்காவலர் அடுத்த வருஷம் பழம் அனுப்பும்போது ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து அனுப்பினாராம்.

கோடையில் ஒரு தடவை அவர் தெருவில் கரண்ட் போய், மூன்றே மணி நேரத்தில் வந்துவிட்டது. உடனே மின்வாரியத்துக்கு நாலு பக்கம் எழுதிவிட்டார். அந்த ஆபீஸுக்கு அப்படியொரு கடிதம் அதுவரை வந்ததே இல்லை. குத்தலாக எழுதியிருக்கிறான், மேலிடத்துக்கும் நகல் போயிருக்கும் என்று பயந்துபோய், அதிகாரி ஒருவர் ஜீப்பில் வீட்டுக்கே வந்து இறங்கினார். "ஏதாவது கொறை இருந்தா நேர்லயே சொல்லிருக்கலாமே சார்" என்றாராம். அண்ணாச்சி அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பி, வீடு தேடி வந்ததற்கு இன்னொரு கடிதம் போட்டார். இரண்டையும் வைக்க வேறு ஃபைல் இல்லாததால் 'புகார்கள்' ஃபைலில் சேர்த்தார்கள் என்று கேள்வி.

எனக்கு வந்த முதல் கடிதம், வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் நான் கொடுத்த இரண்டு குண்டூசிக்காக. சின்ன வயசு, கொழுப்பும் கொஞ்சம் ஜாஸ்தி. 'தங்கள் நன்றிக்கு நன்றி' என்று டைப் அடித்து அவர் மேஜையில் வைத்தேன். அதற்கு ஒரு நன்றி வந்தது. அதற்கு நான் ஒன்று அடித்தேன். ஏழாவது கடிதத்தில் மேனேஜர் கண்ணில் பட்டுவிட்டது. கோபம் வந்தால் அவர் தெலுங்குக்கு மாறிவிடுவார். "ஏமய்யா இதி!" என்று கத்திவிட்டு, எங்கள் இருவருக்கும் கடிதப் போக்குவரத்தே கூடாது என்று தடை போட்டார். அண்ணாச்சி என்னிடம் வந்து ரகசியமாக, "எல்லாம் சரி தாயி, டைப் அடிச்சல்லா, அதான் தப்பு. அதுல நன்றி சொல்லுதது நீயா, மெஷினான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

இப்படி ஊருக்கெல்லாம் எழுதியவருக்கு, எழுத வேண்டிய ஒரே ஓர் இடத்தில் முடியாமல் போனது.

தொண்ணூறுகளின் பாதியில் மதினிக்கு, அதாவது அவர் மனைவிக்கு, மதுரையில் ஒரு பெரிய ஆபரேஷன். ரத்தம் போதவில்லை. அந்த வகை ரத்தம் கிடைக்காமல் அண்ணாச்சி ஓடிக்கொண்டிருந்தபோது, ஸ்டெல்லா என்ற நர்ஸ் தன் கையை நீட்டிக் கொடுத்துவிட்டு, பேசாமல் போய்விட்டது. இந்த விஷயமே வீட்டுக்குக் கிளம்பும் நாளில்தான் அண்ணாச்சிக்குத் தெரிந்தது. அதற்கு முந்தின நாளே அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டு மஸ்கட்டுக்கு விமானம் ஏறியிருந்தது. நாகர்கோவில் பக்கம் என்பதற்கு மேல் ஊரும் யாருக்கும் தெரியவில்லை. அண்ணாச்சி ஆஸ்பத்திரி விலாசத்துக்கே கடிதம் எழுதிப் போட்டார். 'ஆள் இல்லை' என்று சிவப்புப் பென்சிலில் கிறுக்கி அது திரும்பி வந்தது. அவர் எழுதி, திரும்பி வந்த முதல் கடிதம் அதுதான். அன்றைக்கு அவர் மதியச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

உடம்பு தேறிய மதினி வாய்க்கும் தெம்பு வந்தது. "ஒலகத்துல போறவன் வாரவனுக்கெல்லாம் லெட்டர் போட்டீக. எனக்கு உசுரு குடுத்த புள்ளைக்கு ஒத்த வரி போடத் துப்பில்ல" என்று காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் சொல்லுவாராம். அண்ணாச்சி, திரும்பி வந்த அந்தக் கவரை டிராயரில் பொடி டப்பாவுக்கு அடியிலேயே வைத்திருந்தார்.

சில வருஷம் கழிந்து எங்கள் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு ஏ.சி. அறை, வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். டைப்பிஸ்டாக இருந்த நான் ஆபரேட்டர் ஆனேன். இமெயில் என்றால் என்ன என்று அண்ணாச்சிக்கு விளக்கினேன்.

"போய்ச் சேர எம்புட்டு நாளாகும்?"

"அஞ்சு நிமிஷம் அண்ணாச்சி."

"அஞ்சு நிமிஷமா! ஒரு கடுதாசின்னா செத்த நேரம் காத்துக் கெடக்க வேண்டாமா?" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

போனவர் ஒரே மாதத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. மதினியைச் செக்கப்புக்கு மதுரைக்குக் கூட்டிப்போன இடத்தில், ஸ்டெல்லாவோடு வேலை பார்த்த இன்னொரு நர்ஸ் எழுதிக் கொடுத்ததாம்.

"அந்தப் புள்ள ஹாஸ்டல் மாறிக்கிட்டே இருக்காம். இதுக்குப் போட்டாத்தான் கெடைக்குமாம். இதுல தெரு எது, ஊரு எது தாயி? நடுவுல என்னமோ ஜிலேபி சுத்தியிருக்கு."

மறுநாள் ஒன்பது பக்கம் எழுதி வந்தார். கம்பெனிக் கம்ப்யூட்டரில் சொந்தக் கடிதம் அடிக்கக் கூடாது என்பதால், மேனேஜர் சாப்பிடப் போகும் நேரத்தில் இரண்டு நாள் திருட்டுத்தனமாகத் தமிழ் எழுத்துருவில் அடித்தேன். அவர் பின்னால் நின்றுகொண்டு வரிக்கு வரி சரிபார்த்தார்.

"இங்க ஒரு வார்த்தைய எழுதி அடிச்சிருக்கேனே, அதை ஏன் விட்டுட்ட?"

"அதான் நீங்களே அடிச்சிட்டீங்களே!"

"அடிச்ச வார்த்தையும் போகட்டும் தாயி. யோசிச்சு யோசிச்சு எழுதியிருக்கேன்னு அதுக்குத் தெரியணும்லா."

எனக்கு வந்த சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டேன். ஒருவழியாக முடித்து, விலாசம் போட்டு, மேலே தலைப்பில் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நன்றி என்று இங்கிலீஷில் அடித்து, அவர் பெயரையும் சேர்த்தேன். மோடம் கீச்சிட்டுக் கனைத்து லைன் பிடிப்பதற்குள் தண்ணீர் குடிக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தால், மானிட்டரின் நாலு மூலையிலும் மஞ்சள்! அண்ணாச்சி பொடி டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். வாசலில் மேனேஜர்.

"ஏமய்யா இதி!"

"நல்ல சேதி போகுது சார்" என்றார் அண்ணாச்சி.

மேனேஜர் திரையைப் பார்த்தார், மஞ்சளைப் பார்த்தார், அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார். மதினியின் ஆபரேஷன் கதை மில்லில் எல்லோருக்கும் தெரியும். "தொடைச்சிருங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு துடைத்தும் அந்தக் கறை போகவில்லை என்பது வேறு விஷயம்.

அதன் பிறகு தினமும் காலையில் ஏ.சி. அறை வாசலில் அண்ணாச்சி வெறுங்காலோடு நின்றார். "அஞ்சு நிமிஷம்னியே" என்று என்னைப் பார்ப்பார். ஐந்தாம் நாள் பதில் வந்தது, இங்கிலீஷில். 'அங்கிள், கடிதம் முழுக்கக் கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் வந்திருக்கிறது. இங்கே தமிழ் எழுத்து இல்லை. ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. தலைப்பையும் உங்கள் பெயரையும் மட்டும் வாசித்தேன். ஆன்ட்டி சுகமா? இப்போது ஒரே இடத்தில் இரண்டு வருஷம் இருப்பேன். கையால் எழுதித் தபாலில் போடுங்களேன்.' கீழே முழு விலாசம் இருந்தது.

இரண்டு நாள் உழைப்பும் வீண் என்று எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கிச் சொன்னேன். அண்ணாச்சி காதில் பாதிதான் விழுந்தது.

"வெலாசம் வந்துருச்சா?" என்றார். கண் கலங்கிவிட்டது. "வெலாசம் வந்துருச்சு தாயி!"

மறுநாள் மதினியையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்குத்தான் எங்கள் ஆபீஸை அவர் முதன்முதலாகப் பார்க்கிறார். சிவப்புப் பென்சில் கிறுக்கிய பழைய கவரை அண்ணாச்சி அப்படியே புதுக் கவருக்குள் வைத்தார். மதினி டப்பாவைத் திறந்து, தன் விரலாலேயே நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்தார். "இனி உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். சொன்னபடி அந்த மாதம் முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லையாம்.

நாலாம் நாள் என் மேஜையில் ஒரு நீல இன்லேண்டு. மேனேஜர் போட்ட தடையை அண்ணாச்சி மீறியது அந்த ஒரு முறைதான். 'தாங்கள் அடித்த ஒன்பது பக்கமும் கட்டம் கட்டமாகப் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் விலாசம் கிடைத்தது. தாங்கள் சிரித்ததும் தெரியும். முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்ததற்கு நன்றி.'

அதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுதினால் அவர் எழுதுவார், மறுபடி ஏழு கடிதம் போகும், மேனேஜர் வருவார் என்று விட்டுவிட்டேன். கடிதம் மட்டும் என் பீரோவில் இருக்கிறது, மஞ்சள் இன்னும் உதிரவில்லை. அண்ணாச்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் அதே வீட்டில்தான் இருக்கிறார். இந்தப் பத்திரிகையும் அவர் வீட்டுக்குப் போகிறது என்று தெரியும்.

அண்ணாச்சி, இதுதான் என் பதில். கையால்தான் எழுதினேன், இவர்கள்தான் அச்சடித்துவிட்டார்கள். நீங்கள் பதில் போடுங்கள், நானும் போடுகிறேன். நிறுத்தச் சொல்ல இப்போது மேனேஜர் கிடையாது.