படித்தவர் பட்ட பாடு

மனித குலம் பட்ட துன்பங்களிலெல்லாம் தலையாயது, பிறர் பட்ட துன்பத்தை நாற்காலியில் உட்கார்ந்து படிப்பது. இந்தப் பேருண்மையை உலகுக்கு எடுத்துரைத்தவர் எங்கள் நாவலாசிரியர். நூலக ஆவண அறையில் உதவியாளனாக இருப்பதால், அவர் துன்பப்பட்டதை அருகிலிருந்து காணும் பேறு எனக்குக் கிடைத்தது.

அவர் படித்தது ஒரு படுகொலை பற்றிய வாக்குமூலம். கொடுத்தவன் நான். அன்று தப்பியவன். மூன்றாம் பக்கத்தில், சுடப்பட்டுக் கிடக்கும் என் தம்பி தண்ணீர் கேட்கிறான். நான் எழுகிறேன், துப்பாக்கியைக் காட்டி உட்கார வைக்கிறார்கள். அந்த இடம் வந்ததும் ஆசிரியருக்கு நா வறண்டுவிட்டது.

"கொஞ்சம் தண்ணி கொடுங்கண்ணா. எப்படித்தான் தாங்குறதோ!"

"கஷ்டந்தான் சார். ஃபேனைக் கூட்டட்டுமா?"

"உங்களுக்கென்ன, அனுபவிச்சு முடிச்சுட்டீங்க. நான் இன்னும் பத்து பக்கம் படிக்கணும்."

நியாயந்தானே. ஃபேனைக் கூட்டினேன்.

அந்த வாக்குமூலத்தை வைத்து அவர் எழுதிய நாவலின் நாயகன் ஒரு வாசகன். கொலைகளைப் பற்றிப் படித்துவிட்டு நானூறு பக்கம் தவிக்கிறான். என் தம்பி நாற்பத்திரண்டாம் பக்கத்தில் 'ஓர் உடல்' என்று வந்துபோகிறான். அச்சுக்குப் போகுமுன் ஒன்று கேட்டேன்.

"அவன் பேரை மட்டும் போட்டுடுங்க சார். வேற எதுவும் வேணாம்."

"ஐயையோ! பேர் வந்தா வாசகர் மனசு ஒடிஞ்சு போயிடும்ணா. அவங்களும் மனுஷங்கதானே?"

'வாசகர் நலன்' கருதி வாயை மூடிக்கொண்டேன்.

வெளியீட்டு விழாவில் தலைவர் இருமுறை கண்ணைத் துடைத்தார். வாசலில் மனநல ஆலோசகர் மேசை போட்டிருந்தார். நன்றிப் பக்கத்தைப் புரட்டினேன். எழுதும்போது காலடியில் படுத்து ஆறுதல் தந்த நாயின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது: பிஸ்கோத்து. நல்ல நாய்தான், குறை சொல்ல மாட்டேன்.

கையெழுத்து வாங்கும் வரிசையில் நின்றேன்.

"அட, அண்ணனா! யார் பேருக்குப் போடட்டும்?"

தம்பியின் பெயரை இனிஷியலோடு சொன்னேன். வாக்குமூலத்தில் பதினோரு இடத்தில் வரும் பெயர். ஆசிரியருக்கு எதுவும் உறுத்தவில்லை. முத்து முத்தாக எழுதி, கீழே எல்லோருக்கும் எழுதியதையே எழுதினார்: 'திடமனத்தோடு படியுங்கள். பத்திரமாக இருங்கள்.'

"உங்க சொந்தக்காரரா? இதையெல்லாம் தாங்குவாரா?"

"தாங்குவான் சார். நாற்பத்திரண்டாம் பக்கத்துல கிடக்கிறது அவன்தான்."

ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். கூட்டம் பதறியது. 'தண்ணீர், தண்ணீர்' என்று என்னைத்தான் விரட்டினார்கள். ஓடிப்போய்க் கொண்டுவந்தேன்.

இந்த முறை யாரும் தடுக்கவில்லை.